நாலு ஆள் தூக்குகிற குடிசு

முப்பத்தோரு வருடம் மேலிருந்து கீழே பார்த்துப் பார்த்தே கண் போயிற்று. கழுத்தும் போயிற்று. கண் மருத்துவர் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். செயற்கைக்கோள் படம் பார்த்தேன் என்றேன். படம் பார்ப்பது ஒரு வேலையா என்கிற மாதிரி சிரித்துவிட்டுச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கல்யாணமாகிப் பத்து வருடம் வரை என் வீட்டுக்காரரே நான் வானிலை ஆபீசில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். துணி காயப் போடும்போது மழை வருமா என்று என்னிடம் கேட்பார்.

போன மாதம் ஓய்வு பெற்றேன். சேலத்தில் நான் வேலை பார்த்த நிறுவனம் சிறியது. படங்களை வாங்கி, அதில் வீடு எது, கிணறு எது, தோட்டம் எது என்று குறித்து வரைபடமாக்கிக் கொடுப்பது அதன் தொழில். இப்போது அங்கே ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. நாங்கள் பத்துப் பேர் ஒரு மாதம் குனிந்து குறித்ததை, அது நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் குறித்து வைத்துவிடுகிறது. "எல்லாத்தையுமா மேடம் நீங்க கண்ணாலயே பாத்துக் குறிச்சீங்க?" என்று சின்னவர்கள் கேட்டார்கள். குரலில் கேலி இல்லை, பரிதாபம் இருந்தது. அது கேலியைவிட மோசம். அப்படி என்னதான் செய்தீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

படித்தது ஐ.டி.ஐ.யில் படவரைவாளர் படிப்பு. முதல் ஆறேழு வருடம் வரைபடத்தின் மேல் மெழுகுத்தாள் விரித்துக் கோடு இழுத்தேன். பிறகு கணினி வந்தது, அதே கோட்டை எலியால் இழுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. வெளிநாட்டுத் தனியார் செயற்கைக்கோள்களின் துல்லியமான படங்கள் காசுக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் என் வேலை ஒரு வேலையாயிற்று.

முதலில் வந்த படம் ஜேடர்பாளையம் தடுப்பணைப் பக்கத்து ஆறு. அதுவரை நாங்கள் பார்த்த படங்களில் ஒரு ஊர் என்பது ஓர் அழுக்குத் திட்டு, அவ்வளவுதான். இதிலோ அணையின் ஷட்டரை எண்ணலாம், கரையில் நிற்கிற தென்னையை ஒவ்வொன்றாக எண்ணலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அணைக்குக் கீழே தண்ணீரில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள் இருந்தன. ஜனங்கள் குளிப்பதுகூடத் தெரிகிறது என்று கத்திவிட்டேன்.

தேவசகாயம் சார் எழுந்து வந்தார். எங்கள் பிரிவுக்கு மேலாளர், ஆத்தூர்க்காரர். யாரையும் ஒருநாளும் திட்டாதவர். ஒரு நாற்காலியை இழுத்து நம் பக்கத்தில் போட்டு உட்காருவார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை பேச மாட்டார். அந்த நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டாலே போட்ட குறியை நாங்கள் இன்னொரு தரம் சரிபார்ப்போம். அன்றும் அப்படியே உட்கார்ந்து, துடைத்து, மாட்டிக்கொண்டு கேட்டார்.

"பாத்தியாம்மா, நெனச்சியாம்மா?"

அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர். மனிதத் தலை அதில் தெரியவே தெரியாது. நான் பார்த்தது பாறை. ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம், ஜேடர்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குளிக்கும், ஆகவே பாறைகளை மனிதர்களாக்கிவிட்டேன். நினைத்தேன் சார் என்று ஒப்புக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனார்.

அவர் ஏற்படுத்திய பதிவேட்டில் கடைசி இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று கண்டது, இன்னொன்று கருதியது. ஒவ்வொரு குறிக்கும் இரண்டில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். விளிம்பு தெரிகிறது, நிழல் விழுகிறது, அளவு பொருந்துகிறது என்றால் கண்டது. பக்கத்தில் இன்னது இருப்பதால் இது இன்னதாகத்தான் இருக்கும் என்றால் கருதியது. கருதுவது தப்பில்லை என்பார் சார். ஆனால் கருதியது என்று டிக் அடித்தால் அதோடு விடக் கூடாது. அதே இடத்தின் வேறொரு தேதிப் படத்தைப் படிவம் போட்டு வாங்கிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளை நேரில் அனுப்ப வேண்டும். சோம்பேறிகளுக்கு அந்தக் கட்டத்தைக் கண்டாலே ஆகாது.

கற்றுக்கொண்டது நிறைய. கிணறும் மரமும் மேலிருந்து பார்த்தால் ஒரே கருப்பு வட்டம். கிணற்றின் நிழல் உள்ளே விழும், மரத்தின் நிழல் வெளியே விழும். செடிகொடிகளுக்கென்று எடுக்கிற ஒருவகைப் படத்தில் பச்சை எல்லாம் சிவப்பாகத் தெரியும். வெயில் உள்ளே அடிக்காதபடி கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகைகள் வரிசையாக நின்றால் கோழிப்பண்ணை. வெள்ளை வெளேரென்று சதுரமாகத் தரை தெரிந்தால் ஜவ்வரிசி காயப்போட்ட களம். நாமக்கல் பக்கத்தில் ஒருமுறை எங்கள் ஆள் ஒருவர் பெரிய விடுதிப் பள்ளி ஒன்றைக் கோழிப்பண்ணை என்று குறித்துவிட்டார். நீள நீளமான ஒரே மாதிரிக் கட்டடங்கள், சுற்றிலும் வேலி, ஒரு மரம் கிடையாது. சார் வெகுநேரம் அதைப் பார்த்தார். "திருத்திடுங்க. ஆனா பெரிய தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அவர் பேசி நாங்கள் சிரித்தது அநேகமாக அன்று ஒரு நாள்தான்.

எனக்கென்று அங்கே ஒரு தனிப் பேர் இருந்தது. அது ஆட்டுப்பட்டியால் வந்தது. நான் மேச்சேரிப் பக்கத்துக்காரி. அப்பா ஆடு வைத்திருந்தார். கோடையில், காடு என்று நாங்கள் சொல்கிற மானாவாரி நிலம் வெறுமையாகக் கிடக்கும்போது, அதில் மூங்கில் படல்களைச் சதுரமாகக் கட்டி அதற்குள் ஆடுகளை அடைப்பார்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம் படலைப் பிரித்துப் பக்கத்தில் தள்ளிக் கட்டுவார்கள். ஆடு கிடந்த இடமெல்லாம் எருவாகும். காவலுக்குப் படுக்கிறவருக்கு ஓலைக் கூரை போட்ட சின்னக் குடிசு ஒன்று உண்டு. பட்டி நகர்ந்தால் குடிசும் நகர வேண்டும். நாலு பேர் நாலு மூலையில் பிடித்து அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைப்பார்கள்.

மேலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும்? காட்டில் கருஞ்சதுரங்கள் அடுத்தடுத்து, ஒட்டுப்போட்ட ஜமுக்காளம் போல. ஓரத்தில் ஒரு சின்னக் கூரை. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் சதுரங்களை அஸ்திவாரம் என்றும் கூரையை வீடு என்றும் குறித்துத் தள்ளினார்கள். நான் போய் இது பட்டி, இது பட்டிக் குடிசு, அடுத்த வாரம் இங்கே இருக்காது என்றேன். வேறு தேதிப் படம் வாங்கிப் பார்த்தால் நான் சொன்னது அப்படியே. பத்துத் தடவை பார்த்தார்கள், பத்துத் தடவையும் சரி. அதற்குப் பிறகு பட்டி என்றால் நான்தான். சார்கூட, "பட்டி விஷயமா? அந்தம்மாகிட்ட கேளு" என்பார். எனக்குத் தலைக்கனம் ஏறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இனிச் சொல்வது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. சாலை ஒன்றை அகலப்படுத்த நிலம் எடுத்தார்கள். எந்தச் சாலை, எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. நிலம் நிலத்துக்காரருடையது, அதற்கு வழி வேறு. ஆனால் அந்த நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு, நிலம் அவர்களுடையதாக இல்லாவிட்டாலும், வேறிடத்தில் மனை உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. அறிவிப்பு வந்த தேதிக்கு முன்பே வீடு இருந்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு அவசர அவசரமாகத் தகரக் கொட்டகை போட்டு மனை கேட்கிறவர்கள் எங்கேயும் உண்டு. அவர்களைப் பிரித்தெடுக்கத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். தேதிக்கு முந்திய படம் ஒன்று, பிந்திய படம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கூரைக்கும் பழையதா புதியதா என்று சொல்ல வேண்டும்.

ஒரு காட்டின் நடுவே, பிந்திய படத்தில் தகரக் கூரை ஒன்று பளிச்சென்று தெரிந்தது. முந்திய படத்தில் அதே இடத்தில் சின்ன ஓலைக் கூரை, அதையொட்டி நான் சொன்ன கருஞ்சதுரங்கள். எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஓலைக்கூரை பட்டிக் குடிசு, அது பட்டியோடு போய்விட்டது. காலியான இடத்தில் எவரோ தகரம் போட்டிருக்கிறார்கள். புதிய கட்டடம் என்று எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது கை ஒரு கணம்கூட நிற்கவில்லை. கண்டது என்று டிக் அடித்தேன். நிச்சயமாகத் தெரிந்த ஒன்றுக்கு இன்னொரு தேதிப் படம் எதற்கு, படிவம் எதற்கு?

நாலு மாதம் கழித்துத் தாலுகா ஆபீசில் ஆட்சேபணை விசாரணை. படத்தைப் பற்றி விளக்கம் சொல்ல என்னை அனுப்பினார்கள். நிலமெடுப்பு அதிகாரி பொறுமையான மனிதர். ஒவ்வொருவரையும் உட்காரச் சொல்லித்தான் கேட்டார். ஏழெட்டுப் பேருக்குப் பிறகு ஓர் அம்மாள் வந்தார். பெயர் பாவாயி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுவரி ரசீது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார், இல்லை. மின் இணைப்பு இல்லை. ரேஷன் கார்டில் பழைய ஊர் விலாசம். அந்த இடத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன் என்ற வாய்ச்சொல் மட்டும் இருந்தது. நிலத்துக்காரர் சாட்சி சொல்ல வரவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

நான் படத்தை மேசையில் விரித்து, பென்சிலால் சுட்டிக் காட்டி, முந்திய படத்தில் இருப்பது நிலையான கட்டடம் இல்லை, ஆட்டுக்காரர்களின் குடிசு, அது இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்றேன். ரொம்பத் தெளிவாகச் சொன்னதாக நினைப்பு எனக்கு. பாவாயி படத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மிணிக்கு எந்த ஊருங்க?"

"மேச்சேரிப் பக்கமுங்க."

"அப்ப குடிசத் தூக்கறதப் பாத்திருப்பீங்க. அது பட்டிக் குடிசுதானுங்க, நா இல்லீங்கல. ஆனா எங்கூட்டுக்காரரு போனதும் ஆட்டையெல்லாம் வித்துப்போட்டனுங்க. குடிசு நின்ன எடத்துலயே நின்னுபோச்சு. சுத்தியும் மண்சுவரு வெச்சுக்கிட்டு அதுலதான் இருக்கறனுங்க. ஓல நைஞ்சுபோச்சுன்னு போன வருசந்தான் தகரம் போட்டது." படத்திலிருந்த ஓலைக் கூரையை விரலால் தொட்டார். "அதத் தூக்கிட்டுப் போறதுக்கு நாலு ஆளு வேணுமுங்க அம்மிணி. நா ஒருத்திதானுங்க இருக்கறேன்."

அந்தச் சதுரங்கள் யாருடைய பட்டி என்று கேட்டேன். அந்தக் கோடையில் நிலத்துக்காரர் வேறு ஆட்டுக்காரரைக் கூட்டி வந்து எருவுக்குப் பட்டி போட்டார் என்றும், அவர்களுடைய குடிசு வேப்பமரத்தடியில் இருந்தது என்றும் பாவாயி சொன்னார். அந்த வேப்பமரம் படத்தில் இருந்தது. அதன் நிழலுக்கு வெளியே துருத்திக்கொண்டு ஓர் ஓலை முனை தெரிந்தது. அது நான் டிக் அடித்த நாளன்றும் அங்கேதான் இருந்திருக்கிறது.

வாய்ச்சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, படம் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். பாவாயி சண்டை போடவில்லை. சரிங்க என்று எழுந்தார். வாசல் வரை போனவர், "வாரேனுங்க அம்மிணி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

அங்கேயே, அப்போதே, நான் சொன்னது தப்பாக இருக்கலாம் என்று அதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆபீஸ் பெயர் கெடும் என்று நினைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பட்டி விஷயத்தில் நான் தப்புச் சொல்லிவிட்டேன் என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சாரிடம் போனேன். அவர் நாற்காலியை இழுக்கவில்லை. நான்தான் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். கேள்வியைக் கேட்கவில்லை, நானே சொன்னேன்: "நெனச்சேன் சார்." அவர் இழுப்பறையைத் திறந்து பழைய படம் கேட்கிற படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அதற்கு முந்திய ஆண்டுகளில் எடுத்த படங்கள் மூன்று கேட்டோம்.

ஒரு வாரத்தில் வந்தன. முதல் படத்தில் சதுரங்களே இல்லை, குடிசு இருந்தது. இரண்டாவதில் சதுரங்கள் காட்டின் மறுகோடியில் இருந்தன, குடிசு அதே இடத்தில். மூன்றாவதிலும் அதே இடம். அளந்து பார்த்தேன். ஒரு முழம்கூட நகரவில்லை. நகர்கிற குடிசைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளுக்கு நகராத குடிசு ஒன்று கண்ணில் படவில்லை.

திருத்தம் அனுப்ப முதலாளிக்கு மனமில்லை. ஒன்றைத் திருத்தினால் மொத்த அறிக்கையையும் சந்தேகப்படுவார்கள் என்றார். நியாயமான பயம்தான். சார் அவரிடம் என்ன பேசினார் என்று தெரியாது, கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்து, அந்த அறிக்கையில் நான் பட்டிக் குடிசு என்று எழுதிய எல்லாவற்றையும் மறுபடி பார்க்கச் சொன்னார். பத்து நாள் பார்த்தேன். மற்றவை எல்லாம் நகர்கிற குடிசுகள்தான். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை. நூறு குடிசு நகர்ந்ததால்தானே இதுவும் நகரும் என்று நினைத்தேன். திருத்தக் கடிதத்தில் சார் தன் கையெழுத்தை என் கையெழுத்துக்கு மேலே போட்டார். தவறு பிரிவினுடையது என்று எழுதியிருந்தார், என் பெயரை எழுதவில்லை.

கடிதம் மேசை மேசையாக நகர்ந்தது. கடைசியில் பாவாயிக்கு மனை உண்டு என்று உத்தரவு வந்தது. பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வந்துவிட்டது. விலாசத்தில் ஆள் இல்லை. விலாசம் என்பதே அந்தக் குடிசுதான். அதை அதற்குள் இயந்திரம் வந்து தள்ளிவிட்டிருந்தது.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அதுதான் அந்தக் காட்டை நான் தரையில் நின்று பார்த்த முதல் நாள். செம்மண் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். வேப்பமரமும் இல்லை. பக்கத்துக் காட்டில் கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போய்விட்டதாகவும், பண்ணையிலேயே தங்க இடம் கொடுக்கிறார்களாம் என்றும் சொன்னார்கள். எந்தப் பண்ணை என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். பண்ணை பண்ணையாக வாசலில் நின்று கேட்டேன். நோய் உள்ளே வந்துவிடும் என்று வெளியாளை விட மாட்டார்கள், காவல்காரர் கேட்டுச் சொல்வதுதான். அந்தச் சுற்றுவட்டாரத்துப் பண்ணைக் கொட்டகைகள் முழுவதையும் ஒரு வேலைக்காகக் கணினியில் குறித்தவள் நான். எந்த ஓடைக்கு எந்தப் பக்கம் எத்தனை கூரை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கூரைக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. நாலாவது ஞாயிறு போகவில்லை. வீட்டில் வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். களைத்துப்போனேன் என்பதுதான் நிஜம். பிறகு போகவேயில்லை. பாவாயி கிடைக்கவில்லை.

சார் அதற்கடுத்த வருடம் ஓய்வு பெற்று ஆத்தூருக்குப் போனார். அவர் போன கையோடு அந்த இரண்டு கட்டங்களும் படிவத்திலிருந்து போயின. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் ஆபீசில் தங்கிவிட்டது. சாரை ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகள்கூட, ஒருவர் ஏதாவது அடித்து விட்டால், பாத்தியா நெனச்சியா என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

என் கடைசி நாளன்று புது மென்பொருளை எனக்கு ஓட்டிக் காட்டினார்கள். பழைய படம் எதையாவது கொடுங்கள் மேடம் என்றார்கள். நான் அந்தச் சாலை வேலையின் முந்திய படத்தைத்தான் கொடுத்தேன். மஞ்சள் கட்டங்கள் மளமளவென்று விழுந்தன. நகர்கிற குடிசுகள் அத்தனையும் கட்டடம் என்று மஞ்சளாயின. நூறு தப்பு. அந்தக் கூட்டத்தில் பாவாயியின் ஓலைக்கூரையைச் சுற்றியும் ஒரு மஞ்சள் கட்டம் விழுந்தது. கட்டடம் என்று பக்கத்தில் எழுதிக் காட்டியது. அதற்கு ஆடு தெரியாது, படல் தெரியாது, மேச்சேரி தெரியாது. அன்றைக்கு என் நாற்காலியில் ஒன்றும் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த அம்மாளுக்கு மனை கிடைத்திருக்கும்.

நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்த பெண், போன வருடம் சேர்ந்தவள், அது என்னங்க மேடம் என்று கேட்டாள்.

"ஊடு" என்றேன்.

எனக்குப் பட்டி விஷயத்தில் இருந்த பேர் அவளுக்கும் தெரியும். கேலியாக அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள்.

"பாத்தீங்களா மேடம், நெனச்சீங்களா?"

"பாத்தேன் சாமி" என்றேன். "தாமசமாப் பாத்தேன்."